சின்ன கொயின்கள் இந்தச் சுற்றில் ஏறுமா? ஹோம்புஷ் அண்ணைக்கு நான் சொன்ன பதில்



இந்த வார எபிசோடில் ஆல்ட்கொயின் பற்றிப் பத்து நிமிடம் கதைத்துவிட்டு, நேரம் போய்விட்டது என்று அடுத்த தலைப்புக்குத் தாவிவிட்டோம். "பாதியில விட்டிட்டுப் போட்டியள்" என்று மூன்று பேர் மெயில் போட்டிருந்தீர்கள். நியாயமான கோபம். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், தேத்தண்ணியோடு இருங்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி: ஆல்ட்கொயின் என்றால் பழைய கொயின் இல்லை. பிட்கொயினைத் தவிர்ந்த மற்ற எல்லாமே ஆல்ட்கொயின். ஈத்தர், சொலானா மாதிரிப் பெரியவையும் இதில் அடங்கும், நேற்றிரவு யாரோ படுக்கையில் கிடந்தபடி உருவாக்கிய நாய்க்குட்டிக் கொயினும் அடங்கும். கீழே கொயின் விலைகள் எல்லாம் அமெரிக்க டொலரில். என் சொந்தக் கணக்கு மட்டும் அவுஸ்திரேலிய டொலரில்.

போன ஞாயிறு பின்னேரம் ஹோம்புஷ் ஸ்டேஷன் பக்கம், கிறெசென்ட் தெருவில் கொத்துரொட்டிக்கு ஓடர் கொடுத்துவிட்டு நின்றேன். எங்கள் தெருவில் இருக்கிற அண்ணை ஒருவர் வந்தார். வயது 58, பஸ் ஓட்டுகிறார். வழக்கமாக வைஃபை வேலை செய்யவில்லை என்றுதான் என்னைத் தேடுவார். அன்றைக்கு வேறு கேள்வி.

"தம்பி, நீர் கொம்பியூட்டர் படிச்ச ஆள்தானே. உண்மையைச் சொல்லும். இந்தச் சின்னக் கொயினெல்லாம் இந்தமுறை ஏறுமோ, ஏறாதோ?"

அவர் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் தினமும் படம் போடுகிறாராம். பிட்கொயின் ஏறி முடிந்தது, அடுத்தது ஆல்ட் சீசன், பத்து மடங்கு, இருபது மடங்கு. அண்ணையின் வீட்டுக் கடனில் ரீட்ரோ கணக்கில் 40,000 டொலர் இருக்கிறது. இரண்டு பிள்ளைகள் யூனியில். "எடுத்துப் போடுவமோ எண்டு யோசிக்கிறன்" என்றார்.

கொத்து வர இருபது நிமிடம் ஆனது. அதற்குள் சொன்னதையும், சொல்ல முடியாமல் போனதையும் சேர்த்துத்தான் இது.

முதலில் என் கதை. இந்தக் கேள்விக்கு நான் ஏற்கனவே ஒரு தடவை காசு கட்டிப் பதில் வாங்கியவன்.

2021 மார்ச்சில் 5 ஈத்தர் வாங்கினேன், 11,500 டொலருக்கு. அந்த நாட்களில் ரிசேர்வ் வங்கியின் வட்டி 0.10 சதவீதம். வங்கியில் காசு வைத்தால் கோப்பிக்கும் காணாது. பிறகு சிட்னி லொக்டவுன். கொன்ட்ராக்ட் வேலை வீட்டிலிருந்தே, ஒரு திரையில் வேலை, மற்றத் திரையில் சார்ட். நவம்பரில் என் ஈத்தர் 31,500 டொலர் ஆனது. அங்கே நிறுத்தியிருக்கலாம். "ஈத்தர் இனி எவ்வளவு ஏறும்? இரண்டு மடங்கு? சின்னது பத்து மடங்கு போகும்" என்று ஒரே இரவில் ஐந்தையும் கொடுத்து ஏழு சின்ன கொயின்களாக மாற்றினேன். கார்டானோ, பொல்காடொட், லூனா, இன்னும் நான்கு.

2022 ஜூன் 30 அன்று ஏழும் சேர்ந்து 5,200 டொலர். லூனா மே மாதத்தில் சில நாட்களுக்குள் 80 டொலர் அளவிலிருந்து சதத்தின் துளிக்கு இறங்கிவிட்டது. நான் ஒன்றையும் விற்கவில்லை. திரும்பி வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வரி நேரம் வந்தது. ஏடிஓவைப் பொறுத்தவரை ஒரு கொயினைக் கொடுத்து இன்னொரு கொயின் வாங்குவதும் விற்பனைதான். ஈத்தரைக் கொடுத்த அந்த இரவிலேயே எனக்கு 20,000 டொலர் மூலதன ஆதாயம் வந்துவிட்டது என்பதுதான் கணக்கு. 12 மாதம் வைத்திருக்கவில்லை, ஆகவே 50 சதவீதக் கழிவும் இல்லை. என் வரி விகிதம் மெடிகெயரோடு 39 சதவீதம். 7,800 டொலர் கட்டவேண்டும். கையில் இருந்த கொயின் அதைவிடக் குறைவு. ஜூன் 30க்கு முன் விற்றிருந்தால் 26,300 டொலர் நட்டம் அந்த 20,000ஐ முழுதாக விழுங்கியிருக்கும், ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. ஒரு நாள் பிந்தினால் அடுத்த நிதியாண்டு. நட்டத்தை முன்னுக்குத்தான் கொண்டுபோகலாம், பின்னுக்குக் கொண்டுபோக முடியாது.

தவணை முறையில் கட்டி முடித்தேன். கொன்ட்ராக்டருக்கு லீவுச் சம்பளம் இல்லை, அந்த வருடம் ஊருக்குப் போக வைத்திருந்த காசு அதற்குள் போனது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

இதை அண்ணைக்குச் சொன்னேன். "அது அப்ப. இப்ப நாலு வருசம் போட்டுதே. நாலு வருசத்துக்கு ஒருக்கா வாறதாமே?" என்றார்.

சரி, அந்த நாலு வருடக் கதையைப் பார்ப்போம். ஏறக்குறைய நான்கு வருடத்துக்கு ஒருமுறை பிட்கொயின் மைனர்களுக்குக் கிடைக்கும் வெகுமதி பாதியாகிறது. 2012 நவம்பர், 2016 ஜூலை, 2020 மே, கடைசியாக 2024 ஏப்ரல். ஒவ்வொன்றுக்கும் ஒரு வருடம், ஒன்றரை வருடம் கழித்து பிட்கொயின் உச்சத்துக்குப் போனது. 2017 டிசம்பரில் 20,000 டொலரை ஒட்டி, 2021 நவம்பரில் 69,000, இந்தமுறை 2025 ஒக்டோபர் 6இல் 126,000. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று முறை நடந்ததை வைத்து நாலாவதைச் சொல்ல வெளிக்கிட்டால், எனக்குப் புள்ளிவிவரம் படிப்பித்த விரிவுரையாளர் தாளைத் திருப்பி எறிந்திருப்பார். சரி, பிட்கொயினுக்கு அந்தக் கணக்கு இந்தமுறையும் பொருந்தியது என்றே வைத்துக்கொள்ளுங்கள். "அதற்குப் பின்னால் சின்னவை ஏறும்" என்பது அதோடு ஒட்டிக்கொண்டு வரவேண்டும் என்று ஒரு விதியும் இல்லை.

2017இல் ஏன் ஏறியது என்று யோசித்தால் இது புரியும். அப்போது ஒரு சின்ன கொயின் வாங்குவதென்றால், டொலரைக் கொடுத்து நேராக வாங்குவது பெரும்பாலும் முடியாது. முதலில் பிட்கொயினோ ஈத்தரோ வாங்கி, அதை இன்னொரு பரிமாற்றத்துக்கு அனுப்பி, அங்கே மாற்றவேண்டும். விலைப்பட்டியலே பிட்கொயினில்தான் இருக்கும், 0.00004 என்று. வெளிக்காசு எல்லாம் முதலில் பிட்கொயினைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தது. பிட்கொயின் ஏறி ஆட்களின் கை நிறைந்ததும், அதே திரையில், அதே கணக்கில், அடுத்த பட்டனில் சின்ன கொயின் இருந்தது. நிறைந்த இடத்திலிருந்து வழிந்தது.

2024 ஜனவரி 10ஆம் தேதி அமெரிக்காவில் பிட்கொயின் ஸ்பொட் ஈடிஎஃப்களுக்கு அனுமதி கிடைத்தது. அதே வருடம் ஜூனில் வான்எக் நிறுவனத்தின் பிட்கொயின் ஈடிஎஃப் இங்கே ஏஎஸ்எக்ஸில் வந்தது. இந்தச் சுற்றில் பிட்கொயினுக்குள் வந்த பெரிய காசு இந்த வழியால் வந்தது. ஒருவர் தன் சுய நிர்வாக சூப்பர் நிதியிலிருந்து ஈடிஎஃப் வாங்குகிறார் என்று வையுங்கள். இலாபம் வந்தால் என்ன செய்வார்? அப்படியே வைத்திருப்பார், அல்லது விற்றுக் கொமன்வெல்த் வங்கிப் பங்கு வாங்குவார். பங்குத் தரகர் கணக்குக்குள் நாய்க்குட்டிக் கொயின் இல்லை. அந்தக் காசுக்குச் சின்ன கொயின் பக்கம் போகக் கதவே இல்லை.

அண்ணை கோப்பாய்ப் பக்கம். வெங்காயத் தோட்டம் செய்த குடும்பம். இதைச் சொன்னதும் அவரே சொன்னார்: "அப்ப முந்தி வாய்க்காலால இறைச்சது. தண்ணி மாறேக்க அடுத்த பாத்திக்கும் போகும், வரம்பில நிக்கிற புல்லுக்கும் போகும். இப்ப குழாய் போட்டு ஒரு பாத்திக்கு மட்டும் விடுறாங்கள்." நான் எபிசோடில் பத்து நிமிடம் தடுமாறி விளக்கியதை அவர் நாலு வசனத்தில் முடித்துவிட்டார்.

நேர்மையாக மற்றப் பக்கத்தையும் சொல்லவேண்டும். குழாய் இப்போது வேறு சில பாத்திகளுக்கும் வருகிறது. ஈத்தர் ஈடிஎஃப் அமெரிக்காவில் 2024 ஜூலையில் வந்தது. சொலானாவுக்கு 2025 ஒக்டோபர் கடைசியில், எக்ஸ்ஆர்பிக்கு நவம்பரில். 2025இல் வட்டியும் இறங்கியது. ரிசேர்வ் வங்கி அந்த வருடம் 4.35இலிருந்து 3.60க்குக் கொண்டுவந்தது. அமெரிக்க மத்திய வங்கி தன் இருப்பைச் சுருக்குவதை 2025 டிசம்பர் 1உடன் நிறுத்தியது. காசு மலிந்தால் ஆட்கள் ஆபத்தான பக்கம் போவார்கள் என்பது உண்மை. ஆகவே ஆல்ட்கொயின் எதுவுமே ஏறாது என்று நான் சொல்லவில்லை. ஈத்தர், சொலானா, எக்ஸ்ஆர்பி மாதிரி நான்கைந்து பெரியவை ஏறலாம். அண்ணையின் குழுவில் சொல்வது அதுவல்ல. அங்கே சொல்வது எல்லாமே ஏறும், எதை வாங்கினாலும் ஏறும் என்று. அந்த மாதிரி வெள்ளத்துக்கு இனி வழியில்லை என்பதுதான் என் கணிப்பு.

இன்னொரு காரணம், எண்ணிக்கை. எனக்கு இதுதான் பெரிய காரணம். 2017 முடிவில் கொயின்மார்க்கெட்கேப் பட்டியலில் 1,400ஐ ஒட்டிய கொயின்கள் இருந்தன. இன்றைக்குச் சந்தையில் உள்ள டோக்கன்கள் பல மில்லியன். 2024 ஜனவரியில் சொலானாவில் பம்ப்.ஃபன் என்று ஒரு தளம் வந்தது. பெயர் கொடு, படம் கொடு, பட்டனை அமத்து, கொயின் தயார். நிரல் எழுதத் தெரியவேண்டியதில்லை. நான் எழுதத் தெரிந்தவன் என்ற திமிரில், ஒரு டெஸ்ட்நெட்டில் என் மகளின் செல்லப் பெயரில் ஒரு டோக்கன் செய்து பார்த்தேன். ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷனில் தொடங்கி ரெட்ஃபேர்ன் வரமுன் முடிந்தது. ஒரு மில்லியன் டோக்கன். மகள் ஒன்றும் வாங்கவில்லை.

ஐந்நூறு பேருக்குச் சமைத்த அன்னதானத்துக்கு ஐந்து லட்சம் பேர் வரிசையில் நின்றால் என்ன நடக்கும்? முன்னுக்கு நின்ற சிலருக்குச் சாப்பாடு, மற்றவர்களுக்கு வாசம். 2025 ஜனவரி 17 அன்று ட்ரம்பின் பெயரில் ஒரு கொயின் வந்தது. இரண்டு நாளில் 70 டொலரைத் தாண்டிவிட்டு இறங்கத் தொடங்கியது. அந்த வார இறுதியில் சொலானா தன் உச்சமான 290 டொலர் அளவைத் தொட்டது. ஆனால் அதே நாட்களில் மற்றச் சின்ன கொயின்கள் பலவும் இறங்கின. ஏனென்றால் புதிதாகக் காசு வரவில்லை. இங்கே விற்று அங்கே வாங்கினார்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது விஷயம் கொஞ்சம் தொழில்நுட்பமானது, ஆனால் காசு அதிகம் பறிபோவது இதில்தான். ஒரு திட்டம் 10 பில்லியன் டோக்கன் உருவாக்குகிறது. அதில் சிறு பங்கை மட்டும் முதலில் சந்தையில் விடுகிறது. மிச்சம் நிறுவனர்களிடமும் முதலீட்டு நிறுவனங்களிடமும் பூட்டிக் கிடக்கும். சந்தையில் குறைவாக இருப்பதால் விலை மேலே நிற்கும். பிறகு பூட்டுத் திறக்கும். ஆர்பிட்ரம் நல்ல உதாரணம், ஏனென்றால் அது மோசடி இல்லை. உண்மையான தொழில்நுட்பம், உண்மையான பாவனை. 2023 மார்ச்சில் பயனாளர்களுக்கும் அமைப்புகளுக்கும் 12.75 சதவீதத்தை இலவசமாகக் கொடுத்தார்கள். 2024 ஜனவரியில் விலை 2.40 டொலரை ஒட்டியது. மார்ச் 16இல் 1.1 பில்லியன் டோக்கன் ஒரே நாளில் திறந்தது, அதுவரை புழக்கத்தில் இருந்ததில் முக்கால் பங்குக்கும் மேல். 2025 டிசம்பரில் அதன் விலை கால் டொலருக்கும் கீழே இருந்தது. வலையமைப்பு நன்றாக ஓடுகிறது. டோக்கன் வாங்கினவர்தான் நிற்கிறார். சின்ன கொயின் ஏற வேண்டுமென்றால் பழைய விலைக்கு வந்தால் போதாது, ஒவ்வொரு மாதமும் புதிதாகத் திறக்கும் இந்தச் சரக்கையும் யாராவது வாங்கவேண்டும்.

அண்ணை போனை எடுத்து அந்தக் குழுவின் படத்தைக் காட்டினார். பிட்கொயின் டொமினன்ஸ் கீழே வளைகிற படம். "இது விழுந்தால் மற்றது ஏறுமாம்." மொத்த கிரிப்டோ மதிப்பில் பிட்கொயினின் பங்கு எவ்வளவு என்பதுதான் டொமினன்ஸ். 2018 ஜனவரியில் மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கியது. 2021 மே மாதம் 40 சதவீதத்தை ஒட்டி. 2025 நடுவில் 65, அந்த வருட டிசம்பரில் 60க்குச் சற்றுக் கீழே. அட, விழுகிறதுதானே என்பீர்கள். ஆனால் அந்த மொத்தத்துக்குள் ஸ்டேபிள்கொயின்களும் இருக்கின்றன, டெதர் மாதிரி. அவை 2025இல் 300 பில்லியன் டொலரைத் தாண்டிவிட்டன. ஒருவர் பயந்துபோய்ப் பிட்கொயினை விற்று டெதரில் வைத்தாலும் டொமினன்ஸ் விழும். பயத்துக்கும் ஆசைக்கும் ஒரே கோடு. அதை வைத்து 40,000 டொலர் முடிவெடுப்பது சரியில்லை.

"ஆல்ட்கொயின் சீசன் இண்டெக்ஸ்" என்று ஒன்றும் இருக்கிறது. முதல் 100 கொயின்களில் 75 சதவீதம் கடந்த 90 நாளில் பிட்கொயினை முந்தியிருந்தால் சீசன் என்று அர்த்தம். இதில் எனக்குப் பிடிக்காத விஷயம்: ஏறிய கொயின்தான் முதல் 100க்குள் வரும், விழுந்தது பட்டியலிலிருந்தே போய்விடும். பாஸ் பண்ணின பிள்ளைகளை மட்டும் வைத்துப் பள்ளிக்கூடத்தின் சராசரி எடுப்பது மாதிரி. அப்படி இருந்தும், 2024 டிசம்பர் தொடக்கத்தில் அது 75ஐத் தாண்டியது. அமெரிக்கத் தேர்தல் முடிந்த கையோடு எக்ஸ்ஆர்பி சில வாரத்தில் அரை டொலரிலிருந்து இரண்டரைக்கு மேல் போனது. 2025 ஓகஸ்டில் ஈத்தர் 4,900ஐத் தாண்டிப் புதிய உச்சம் தொட்டது. 2025 டிசம்பரில் இண்டெக்ஸ் அந்த 75இல் பாதிக்கும் கீழே இருந்தது. எனக்கு என்ன தோன்றுகிறதென்றால், இந்தச் சுற்றின் ஆல்ட் சீசன் இவைதான். சில வாரங்கள், சில கொயின்கள். வந்துவிட்டுப் போய்விட்டது. 2021 மாதிரி வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது வந்ததே தெரியவில்லை.

பிறகு 2025 ஒக்டோபர் 11, சனிக்கிழமை காலை. பள்ளி விடுமுறையின் கடைசிச் சனி, தமிழ்ப் பள்ளி இல்லை, எட்டரைக்குத்தான் போனைப் பார்த்தேன். சீனப் பொருட்களுக்கு மேலதிகமாக 100 சதவீத வரி என்று ட்ரம்ப் அறிவித்திருந்தார். ஒரு நாளுக்குள் ஏறக்குறைய 19 பில்லியன் டொலர் கடன் வர்த்தகங்கள் கட்டாயமாக மூடப்பட்டன, கிரிப்டோ வரலாற்றில் அதுவே மிகப் பெரியது. பிட்கொயின் 122,000 அளவிலிருந்து 105,000 அளவுக்கு இறங்கியது. வலிதான், ஆனால் தாங்கலாம். கொஸ்மொஸ் வலையமைப்பின் ஆட்டம் கொயின், ஒரு பெரிய பரிமாற்றத்தில் சில கணங்கள் ஒரு சதத்துக்கும் கீழே வர்த்தகமானது. நல்ல பெயருள்ள, முதல் 100க்குள் இருந்த கொயின் அது.

அது எப்படி நடக்கும்? திரையில் "மொத்த மதிப்பு 2 பில்லியன்" என்று போட்டிருப்பது கடைசி விலையை எண்ணிக்கையால் பெருக்கியது மட்டும். அந்த 2 பில்லியன் எங்கும் காசாக இல்லை. உண்மையில் இருப்பது ஓடர் புக்கில் வாங்கத் தயாராக நிற்கிற சில லட்சம் டொலர். சந்தையை நடத்துகிறவர்கள் அந்த ஓடரை விலக்கிக்கொண்டால் கீழே தரை இல்லை. சேர்வர் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், சாதாரண நாளில் எல்லாம் ஓடும். பாக்கப் டிஸ்க் வேலை செய்கிறதா என்று தெரிவது விழுகிற நாளில்தான்.

காலத்தையும் கணக்கில் எடுங்கள். எக்ஸ்ஆர்பி 2018 ஜனவரியில் 3 டொலருக்கு மேல் இருந்தது. திரும்ப அங்கே வர 2025 ஆகிவிட்டது, ஏழு வருடம். அது வென்றவர்களில் ஒன்று. கார்டானோ 2021 செப்டெம்பரில் 3 டொலரைத் தாண்டியது, 2025 டிசம்பரில் அரை டொலரும் இல்லை. பொல்காடொட் 55இலிருந்து அதே மாதத்தில் 3க்கும் கீழே. இரண்டும் என்னிடம் இருக்கின்றன. அதாவது, போன வாரம் வரை இருந்தன.

அதற்கு வரமுன், தமிழ்நாட்டிலிருந்து கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கீழே நான் போடப்போகிற கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. இந்தியாவில் 2022 ஏப்ரலிலிருந்து கிரிப்டோ இலாபத்துக்கு 30 சதவீத வரி, ஒரு கொயினில் வந்த நட்டத்தை இன்னொன்றின் இலாபத்தில் கழிக்கவும் முடியாது. ஏழு வாங்கி ஆறு செத்து ஒன்று ஏறினால், ஏறியதற்கு முழுசாகக் கட்டவேண்டும். "பத்து வாங்கிப் போடு, ஒன்று தூக்கிவிடும்" என்ற உத்தியை அந்த ஒரு விதியே உடைத்துவிடுகிறது.

இன்னொன்று, கொயின் எங்கே இருக்கிறது என்பது. 2024 ஜூலையில் வசீர்எக்ஸ் பரிமாற்றத்திலிருந்து 230 மில்லியன் டொலருக்கும் மேல் திருடப்பட்டது. போனவை ஈத்தரும் ஈத்தரியம் சார்ந்த டோக்கன்களும். ஆனால் எல்லோருடைய கணக்கும் முடக்கப்பட்டது. 3,532 எக்ஸ்ஆர்பி வைத்திருந்த ஒரு முதலீட்டாளர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். என் கொயின் திருடுபோகவில்லையே, ஏன் மற்றவர்களின் நட்டத்தை நான் பகிரவேண்டும் என்பதுதான் கேள்வி. 2025 ஒக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ என்பது சொத்து, ஒருவர் உரிமையாக வைத்திருக்கக்கூடியது, நம்பிக்கைப் பொறுப்பில் வைக்கக்கூடியது என்று தீர்ப்பளித்தார். முக்கியமான தீர்ப்பு. கவனியுங்கள், எக்ஸ்ஆர்பி நன்றாக ஏறிய காலம் முழுக்க அந்தக் கணக்கு பூட்டிக் கிடந்தது. ஏறுமா என்ற கேள்விக்கு "ஏறும்" என்பது சரியான பதிலாக இருந்த ஒரு கொயினிலேயே இப்படி.

சரி, இனி என் ஏழு. வாங்கிய பெறுமதி 31,500. போன வாரம் 2,400. ஓகஸ்டில் நான் கொஞ்சம் பிட்கொயின் விற்றேன், 2022 கடைசியில் வாங்கியது. ஆதாயம் 30,000 டொலர். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்ததால் பாதிக்குத்தான் வரி, என்றாலும் 39 சதவீதத்தில் 5,850 டொலர் வரும். இப்போது அந்த ஏழையும் விற்றால் 29,100 டொலர் நட்டம். நட்டத்தை முதலில் கழித்துவிட்டுத்தான் மிச்சத்துக்கு 50 சதவீதக் கழிவு. மிச்சம் 900, அதில் பாதி 450, வரி 175 டொலர். ஆக, விற்றால் கையில் 2,400, வரியில் மிச்சம் 5,675. நான்கு வருடமாக நான் காவல் இருந்த கொயினைவிட அதன் நட்டத்துக்கு இரண்டு மடங்குக்கு மேல் பெறுமதி.

இன்னும் காத்திருக்கலாமே என்று எனக்கும் வந்தது, பொய் சொல்லவில்லை. ஜூன் 30 வரை நேரமும் இருக்கிறது. ஆனால் 2022இலும் எனக்கு ஜூன் 30 வரை நேரம் இருந்தது. அத்தோடு கொன்ட்ராக்ட் டிசம்பர் 19உடன் முடிகிறது, ஜனவரியில் புதுப்பிப்பார்களா என்று தெரியாது.

இரண்டு எச்சரிக்கை. வரி நட்டத்துக்காக விற்றுவிட்டு உடனேயே அதே கொயினைத் திரும்ப வாங்கினால் ஏடிஓ அதை வொஷ் சேல் என்று பார்க்கும், நட்டத்தை ஏற்காமல் விடலாம். அடுத்தது, இந்த நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது, மூலதன ஆதாயத்தில் மட்டும்தான். நான் கணக்காளர் இல்லை, உங்கள் இலக்கங்களை உங்கள் கணக்காளரிடம் கொடுங்கள். பரிமாற்றங்களின் தரவை 2019இலிருந்து ஏடிஓ வாங்குகிறது. "தெரியாது" என்று இருக்கலாம் என நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

செவ்வாய் இரவு பிள்ளை படுத்த பிறகு விற்றேன். பெரியவை இரண்டும் நொடியில் போயின. லூனாவின் மிச்சத்துக்கு ஒரு கொத்துரொட்டிக் காசு கூட வரவில்லை. ஏழில் மிகச் சின்னதற்கு 340 டொலருக்கு விற்பனை ஓடர் போட்டேன். என் ஒருவனின் அந்த 340 டொலருக்கே விலை 2 சதவீதம் சரிந்தது. நான்கு ஓடராக உடைத்து, இடையில் தேத்தண்ணி குடித்து, பதினொன்றரைக்கு முடித்தேன்.

அண்ணைக்கு அன்றைக்குக் கடையில் நான் கடைசியாகச் சொன்னது இதுதான்: "அண்ணை, ரீட்ரோவில காசு இருக்கிறதால உங்களுக்கு வட்டி மிச்சம். அந்த மிச்சம் நிச்சயமான இலாபம், அதுக்கு வரியும் இல்லை. அதை எடுத்துப் போட்டால், கொயின் முதல்ல அந்த வட்டியை வெல்லவேணும், பிறகு வரியை வெல்லவேணும், பிறகு புதுசா வாற எல்லாக் கொயினையும் வெல்லவேணும்." அவுஸ்ட்ராக் 2025இல் கிரிப்டோ ஏடிஎம்களுக்கு 5,000 டொலர் வரம்பு கொண்டுவந்தபோது, அங்கே போகிற பணத்தில் ஏறக்குறைய 72 சதவீதம் 50 வயதுக்கு மேற்பட்டவர்களுடையது என்று சொன்னதையும் சொன்னேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை. "நான் மெஷினில போடப் போறதில்லையே" என்றார். கொத்து வந்துவிட்டது. இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தோம், பேச்சு கிரிக்கெட்டுக்கு மாறியது.

புதன் காலை ரயிலில் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் மெசேஜ். "தம்பி, ரீட்ரோவைத் தொடேல்லை. ஆனா கையில கிடந்த 500 போட்டனான், சும்மா பாப்பம்."

"எந்தக் கொயின் அண்ணை?" என்று கேட்டேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இன்னும் வரவில்லை.